சுடலைமுத்து என்ற ஆங்கில விமர்சகர்

“விமர்சகர் எஸ். டி. லைமத் மிகச் சரியாகக் குறிப்பிடுவதைப் போல, அந்த அம்மையார் எழுதியவை நாவல்கள் அல்ல, மனுக்கள்.”

இதை ஆங்கிலத்தில், வலது கையை லேசாக உயர்த்தி, ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

பேனா ஜோன் என்பவருடையது. வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய பிளானோ என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் ஒரு சிறிய கல்லூரி வரும். அங்கே மாணவர்களுக்குக் கட்டுரை எழுத உதவும் மையத்துக்கு அவர்தான் தலைவர். அறுபதைத் தாண்டிய பெண்மணி. கழுத்தில் மணிச்சரத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கும். பக்கத்தில் மடிக்கணினியோடு டைலர் என்ற இளைஞர், மையத்தில் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்.

நான் போயிருந்தது ட்யூட்டர் வேலைக்கு. மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரியை எங்கே எடுத்தாய், யார் சொன்னது என்று கேட்டுத் திருத்த உதவ வேண்டும். நேர்காணலில் பிடித்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

ஜோன் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார்.

“லைமத்? நான் கேள்விப்பட்டதே இல்லையே. எந்தப் புத்தகத்தில் சொல்கிறார்?”

அறையில் தீய்ந்த காபி வாசனை. என் முழங்காலில் காலையில் மகள் துடைத்த வாழைப்பழம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

லைமத் எந்தப் புத்தகத்திலும் எதையும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு அவரை நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் விடுதிக்கு வாட்ச்மேனாக இருந்தார்.

இருபது மதிப்பெண் கேள்வி

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் விக்டோரியா காலத்துக்கென்று ஒரு தாள் உண்டு. அதில் இந்த நாவலாசிரியையைப் பற்றி ஒரு கேள்வி வருடம் தவறாமல் வரும். வாழ்க்கை, படைப்புகள், சமூகத் தாக்கம். இருபது மதிப்பெண்.

நாவலைப் படித்தாயா என்று யாரும் கேட்காதீர்கள். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. நடுவில் ஐம்பது பக்கத்தைக் கரையான் படித்துவிட்டது. எங்களுக்கு மஞ்சள் அட்டை கைடு இருந்தது. வாழ்க்கைக்கு ஆறு பாயின்ட், படைப்புகளுக்கு எட்டு, சமூகத் தாக்கத்துக்கு ஆறு. மூன்றையும் சேர்த்து நான்கரைப் பக்கம். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். திருமணமாகி, கடல் கடந்து, பிள்ளை பெற்று, தொலைபேசி எண்கள்கூட மறந்துபோன இந்தத் தலையில் அந்த நான்கரைப் பக்கம் மட்டும் அசையாமல் இருக்கிறது. நேர்காணலுக்கு ‘பிடித்த எழுத்தாளர்’ என்றதும் எனக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

சீனியர் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். பேப்பர் திருத்துகிறவர் கட்டுரையைப் படிக்க மாட்டார், அடிக்கோடிட்டதை மட்டும் பார்ப்பார். பக்கத்துக்கு ஒரு விமர்சகர் பெயரைப் போட்டு, அவர் சொன்னதாக ஒரு வரி எழுதி, கறுப்பு ஸ்கெட்சில் கோடு போட்டுவிட வேண்டும் என்று.

வரியை எழுதிவிடலாம். பெயர்தான் நிற்காது.

“ஏட்டி, ஒரு க்ரிட்டிக் பேருகூட மண்டையில ஏறமாட்டேங்கு,” என்று பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் நான் புலம்பினேன்.

“பேரு வேணும், அவ்வளவுதானே? நாமளே வச்சிருவோம்,” என்றாள் மலர். என் அறைத்தோழி.

“பாவம் பிள்ள.”

“யாருக்குப் பாவம்? அவன் பொறக்கவே இல்லியே.”

அந்த நேரம் பார்த்து வாசலில், “ஆறு மணியாச்சு, பார்க்க வந்தவங்கள்லாம் கெளம்புங்க!” என்று வாட்ச்மேன் குரல் கொடுத்தார். அவர் பெயர் சுடலைமுத்து. மலர் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெயரைத் துண்டு துண்டாக வெட்டி நோட்டின் ஓரத்தில் எழுதினாள்: எஸ், டி, லைமத். இங்கிலாந்துக் கடற்கரை ஊர்ப் பெயர்கள் ‘mouth’ என்று முடியுமே, அந்த எழுத்துக்கூட்டல் வேறு.

வரியும் மலருடையதுதான். அவள் அப்பா கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். திங்கட்கிழமை மனு நாளில் வீட்டில் பேச்சே இருக்காதாம், அன்று முழுக்க அடுத்தவர் கஷ்டத்தை எழுதிவிட்டு வருவதால். பஞ்சாலைத் தொழிலாளர் கஷ்டத்தைப் பற்றி ஒருத்தி எழுதினாள் என்றதும் அவளுக்கு மனுதான் தோன்றியது.

அந்த அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சுடலைமுத்து அண்ணன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“என்னம்மா, எம் பேரச் சொல்லிச் சிரிக்கிய?”

“உங்களப் பத்திப் பரீட்சையில எழுதப் போறோம்ணே,” என்றாள் மலர்.

“எழுதுங்க, எழுதுங்க. எட்டு மணி நேரம்னு சொல்லிட்டுப் பன்னெண்டு மணி நேரம் நிக்க வைக்காங்கள்லா, அதையும் சேத்து எழுதுங்க.”

அதை எழுதவில்லை. எனக்கு அந்தத் தாளில் எழுபத்திரண்டு.

மிஸஸ்

அந்த நாவலாசிரியையைக் கேள்வித்தாள், நோட்ஸ், கைடு எல்லாவற்றிலும் ‘மிஸஸ்’ போட்டுத்தான் குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு கணவரின் குடும்பப் பெயர். அதே தாளில் இருந்த ஆண்கள் யாருக்கும் ‘மிஸ்டர்’ கிடையாது. அவருக்கென்று ஒரு முதற்பெயர் இருந்தது எனக்கு எம்.ஏ. முடிக்கும் வரை தெரியாது. கணவர் பெயரை இங்கே எழுதி அவருக்கு மேலும் புகழ் சேர்ப்பானேன்? மிஸஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

கைடு சொன்ன வாழ்க்கை இது: கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார், பெரியம்மா வளர்த்தார். சபை ஊழியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு புகை கக்கும் பஞ்சாலை நகரத்துக்குப் போனார். நான்கு பெண்கள். ‘தனிப்பட்ட இழப்பு’ ஒன்றுக்குப் பிறகு கணவர் சொன்னபடி எழுதத் தொடங்கினார்.

முதல் நாவலில் அவர் பெயர்கூட இல்லை. வெளியானதும் ஆலை முதலாளிகளுக்குக் கோபம். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை கணவரின் பிரசங்கத்தைக் கேட்க முன் வரிசையில் உட்கார்பவர்கள். திருமணமாகாமல் தாயான பெண்ணைப் பற்றி அடுத்து ஒரு நாவல். அதைச் சபையைச் சேர்ந்த இருவர் தீயிலேயே போட்டார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்களுக்கு எப்படிக் கை கொடுத்திருப்பார் என்பதைக் கைடு சொல்லவில்லை. நான் இங்கே பக்கத்திலுள்ள இர்விங்கில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போகிறவள். ஒரு வாரம் கேசரியில் சர்க்கரை குறைந்ததற்கே மூன்று வாரம் ஒரு ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மிஸஸ் வாரப் பத்திரிகையில் தொடரும் எழுதினார். ஆசிரியர் பெரிய மனிதர். நீளம், நீளம் என்று வாராவாரம் நச்சரித்தார். நான் இந்தத் தொடரை எழுதும் பத்திரிகையின் ஆசிரியர் அப்படிப்பட்டவர் இல்லை. பெரும்பாலும்.

கடைசியில் கணவருக்குத் தெரியாமலேயே ஒரு வீட்டை வாங்கிவிட்டு, அந்த வீட்டில் தேநீர் நேரத்தில், பேசிக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். என் கணவர் செல்வினுக்குத் தெரியாமல் நான் ஒரு மிக்ஸி கூட வாங்கியதில்லை.

இரண்டாவது பொய்

அறைக்குத் திரும்புவோம். ஜோன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல மூன்று விநாடி இருந்தது. முதல் விநாடியில், சொல்லிவிடு என்று தோன்றியது. இரண்டாவதில், சொன்னால் வேலை போச்சு என்று தோன்றியது. மூன்றாவது விநாடியில் என் வாய் தானாகத் திறந்தது.

“இந்திய விமர்சகர். புத்தகம் இப்போது அச்சில் இல்லை.”

ஜோன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். “இந்தியாவிலிருந்தா! முப்பது வருடமாக இந்த அம்மாவைப் படிக்கிறேன். அவரைப் பற்றி எழுதிய எல்லோரையும் பார்த்துவிட்டதாக நினைத்தேன். மனு! எனக்குத் தோன்றவே இல்லையே. புத்தக விவரத்தை வெள்ளிக்கிழமைக்குள் மெயில் பண்ணுங்கள். வேறு நூலகங்களில் தேடி வரவழைக்கிறேன்.”

டைலர் நிமிர்ந்தார். “மையத்தின் முதல் விதியே இதுதான். ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்ப்பது. இப்போது பாதிக் கட்டுரையை ஏஐ எழுதுகிறது. அது விமர்சகரையே உருவாக்கிவிடுகிறது. பெயர், பக்க எண் எல்லாம் கொடுத்து. நம்பவே முடியாது.”

“நம்பவே முடியாது,” என்றேன் நானும்.

பெரிய பெரிய நிறுவனங்கள் சேர்ந்து இப்போது செய்கிற வேலையை, பாளையங்கோட்டையில் ஐந்து பெண்கள் மின்விசிறி கூடச் சரியாக ஓடாத அறையில் கையாலேயே செய்தோம். பெருமைப்படும் நிலையில் நான் அப்போது இல்லை.

காரில் ஏறியதும் டேகேரின் ஆப்பைத் திறந்தேன். மூன்றரை வயது ஹன்னா களிமண்ணை நசுக்கிக்கொண்டிருக்கும் படம் வந்திருந்தது. காலையில் அவளுக்கு நெற்றி சுட்டது போலிருந்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு காட்டியது. டேகேர் விதிப்படி அது காய்ச்சலே இல்லை. மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். விட்டிருக்கக் கூடாதோ என்று நேர்காணல் முழுக்க மனதின் ஒரு மூலை கேட்டுக்கொண்டே இருந்தது. பொய் வந்த மூலை அதுதானோ என்னவோ. இல்லை, சாக்குச் சொல்கிறேன்.

செல்வினின் ஆலோசனை

நான்கு வருடமாக நான் கணவரைச் சார்ந்தவள் என்ற விசாவில் இருந்தேன். வேலை செய்யும் அனுமதி அட்டைக்கு எழுதிப் போட்டு, காத்திருந்து, அது வந்ததும் பதினோரு இடத்துக்கு விண்ணப்பித்தேன். கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான்.

டேகேரில் ‘என் அம்மாவின் வேலை’ என்று படம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஹன்னா கார் வரைந்திருந்தாள். “அம்மா எங்கடி இதுல?” என்று கேட்டேன். “யூ ஆர் இன் த கார், அம்மா. யூ ஜஸ்ட் டிரைவ்,” என்றாள். குளிர்பதனப் பெட்டியில் அந்தப் படத்தை நானே ஒட்டி வைத்தேன். ஒட்டாமல் இருந்தால் அவள் மனம் வருந்துமே.

அன்று மாலை செல்வினிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹன்னாவுக்குத் தோசையைப் பிய்த்துப் போட்டார்.

“வாட்ச்மேனா? சீரியஸாவா?”

“சிரிக்காதீங்க.”

“இல்ல பிள்ள, இது ஆல்ரெடி ரிலீஸ் ஆயிருச்சு. இனி பின்னால இழுக்க முடியாது. பேட்ச் போட்டு ஓட்டைய அடைக்கத்தான் முடியும். அந்தப் புக்கு வெள்ளத்துல போயிருச்சுன்னு சொல்லிரு. தாமிரபரணியில வெள்ளம் வந்தது நெசந்தானே?”

“வெள்ளம் நெசம். புக்கு?”

“பாதி நெசம் போதும்.”

“நீங்க சொன்னா எழுதிருவேன்.”

“நான் சொல்லல. சஜெஸ்ட் பண்ணேன்,” என்று கையைக் கழுவிக்கொண்டார், இரண்டு அர்த்தத்திலும்.

“அம்மா, ஹூ இஸ் வாட்ச்மேன்?” என்றாள் ஹன்னா.

“சாப்பிடு,” என்றேன்.

அண்ணனுக்கு வந்த பதவி உயர்வு

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மலருக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். அவளுக்கு அங்கே மாலை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறாள். பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள், பின்னால் ஹாரன் அலறியது.

“லைமத்தா?” என்றாள். “அவரு இப்போ பெரிய ஆளு பிள்ள. கைடுலயே வந்துட்டாரு.”

“என்னட்டி சொல்லுத?”

“நம்ம நோட்ஸ ஜூனியருக்குக் குடுத்தோம்லா. அவளுவ ஜெராக்ஸ் கடையில குடுத்திருக்காளுவ. அங்கேருந்து யாரோ கைடுல போட்டுட்டான். போன செமஸ்டர்ல ஒரு பிள்ள அவர கோட் பண்ணி, அழகா அடிக்கோடு போட்டிருந்தா. நான்தான் திருத்தினேன்.”

“என்ன பண்ண?”

“என்ன பண்ண? மார்க்கு போட்டேன்.”

இறங்கியதும் படம் எடுத்து அனுப்பினாள். புதிய கைடு, பச்சை அட்டை. பக்கத்தின் நடுவில் எங்கள் வரி, எழுத்து மாறாமல். அதற்கு மேலே, ‘புகழ்பெற்ற இங்கிலாந்துப் பேராசிரியர் எஸ். டி. லைமத்’ என்று இருந்தது. சுடலைமுத்து அண்ணன் வாசலில் நின்ற காலத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கூடப் போடவில்லை.

செல்வினிடம் காட்டினேன். “பெர்ஃபெக்ட்! புக்கு பேரு இருக்கு, பேஜ் நம்பர் இருக்கு, பப்ளிஷர் இருக்கு. இதுல என்ன பொய்? அனுப்பு.”

உண்மைதான். பொய் அச்சில் ஏறி, விலை போட்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வந்துவிட்டது. இந்தியர் என்று நான் சொன்னவர் இங்கிலாந்துக்காரர் ஆகிவிட்டதைத் தவிர, அப்படியே அனுப்பினால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மெயிலைத் தட்டச்சு செய்தும் வைத்தேன். ‘வணக்கம் ஜோன், நீங்கள் கேட்ட விவரம் கீழே.’ அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் இருந்தது.

புதன்கிழமை மதியம் வரை அங்கேயே இருந்தது.

மிஸஸைப் படித்தது

பிறகு நூலகத்துக்குப் போனேன். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. நாவலில் எங்காவது மனு என்ற சொல் இருந்தால், லைமத்துக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுக்கலாமே என்றுதான். முதல் நாவலையும், மிஸஸின் வாழ்க்கை வரலாறு ஒன்றையும் எடுத்துக்கொண்டு டேகேர் வாசலில் கார் வரிசையில் நின்றபடி பிரித்தேன்.

பட்டினியைப் பற்றிய நாவல் என்று இருபது மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். திறந்தால் தொடக்கத்திலேயே வருவது ஒரு தேநீர் விருந்து! ஏழை வீட்டில் விருந்தாளி வருகிறார்கள். கடைக்கு ஓடிப்போய் ஆளுக்கு ஒரு முட்டை வாங்கி வருகிறார்கள். கோப்பை போதவில்லை, யார் யாரோடு பங்கு போடுவது என்று பேச்சு. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்த பிறகுதான் வரிசை நகர்ந்துவிட்டது தெரிந்தது.

போகப் போக வீடு காலியாகிறது. பசியில் அழும் பிள்ளைகளைத் தூங்க வைக்க அபின் கலந்த மருந்தைக் கொடுக்கும் தாய்மார்கள் வருகிறார்கள். அந்தப் பக்கத்தை நான் சமையலறையில் நின்று, ஹன்னாவின் காய்ச்சல் மருந்தைச் சிறிய குழாயில் ஐந்து மில்லியா ஐந்தரையா என்று வெளிச்சத்தில் பார்த்து ஊற்றிய பிறகு படித்தேன். ஆம், புதன்கிழமை மாலை அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

வாழ்க்கை வரலாற்றில் ‘தனிப்பட்ட இழப்பு’ என்னவென்று இருந்தது. ஒரு வயதுகூட ஆகாத மகன். விஷக் காய்ச்சல். கைடில் அது வாழ்க்கை, நான்காவது பாயின்ட். அதை நான் எத்தனை முறை மனப்பாடமாக ஒப்பித்திருப்பேன்! ஹன்னா தூங்கிக்கொண்டிருந்தாள். போய் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு மறுபடி போய்ப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருந்தது, கைடு வசதியாக விட்டுவிட்டது. மிஸஸ் தன் தோழியான ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை எழுதியபோது, கேள்விப்பட்டதை நம்பி ஒரு பெண்மணியைப் பற்றி ஏதோ எழுதிவிட்டாராம். மிஸஸ் ஊர் சுற்றப் போயிருந்த நேரத்தில் வக்கீல் கடிதம் வந்து நின்றது. கணவரும் வக்கீலும் சேர்ந்து, எழுதியது தவறு என்று பத்திரிகையில் அறிவித்தார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்ட அம்மா!

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாவலை வியாழக்கிழமை முடித்தேன். டேகேர் விதிப்படி ஹன்னா வீட்டில்தான் இருந்தாள், என் மடியில், சூடான பன் மாதிரி. முடித்ததும் எனக்கு லைமத் மேல்தான் கோபம் வந்தது. மனுவில் ‘பெறுநர்’ என்று ஒருவர் மேலே இருப்பார், நாம் கீழே நிற்போம். மிஸஸ் யாருக்குக் கீழேயும் நிற்கவில்லை. முதலாளியின் மனைவி படித்தால் அவளையும் அந்த வீட்டில் உட்கார வைத்து, பங்கு போட்ட கோப்பையில் தேநீர் கொடுக்கிறார். முட்டை எத்தனை என்று எந்த மனுவிலும் எழுத மாட்டார்கள். மலரின் அப்பாவே வெட்டிவிடுவார்.

பத்து வருடமாக ஒரு தவறான கருத்துக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

வியாழன் மாலை

தட்டச்சு செய்து வைத்ததை அழித்தேன். புதிதாக எழுதினேன்: லைமத் என்று யாரும் இல்லை. நாங்கள் ஐந்து பேர் பரீட்சைக்காக எங்கள் வாட்ச்மேன் பெயரில் செய்தது. இன்று ஒரு கைடில் அவர் அச்சாகியிருக்கிறார், படம் இணைத்திருக்கிறேன், தயவு செய்து நம்ப வேண்டாம். நேர்காணலன்று நான் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். லைமத் சொன்னது தவறு என்று நினைக்கிறேன். ஏனென்றால்…

அந்த ‘ஏனென்றால்’ இரண்டு பக்கம் போனது. எழுத்துப் பிழை பார்த்தேன். மறுபடி பார்த்தேன். செல்வின் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, “வேலை போயிரும், தெரியும்லா?” என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

“தெரியும்.”

“சரி, அனுப்பு. கையெழுத்துக்கு மேல ‘சின்சியர்லி’ன்னு போடாத. ஓவரா இருக்கும்.”

அனுப்பினேன். உடனே, அனுப்பியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அந்த எண்ணம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் என்னோடு சபைக்குக்கூட வந்தது.

ஜோனின் முறை

திங்கட்கிழமை ஜோனே போன் செய்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒற்றைச் சாக்ஸோடு நின்றபடியே பேசினேன்.

“உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன்,” என்றார். “அதற்குப் பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வேலை முன்பே முடிவாகிவிட்டது.”

“என் மெயிலுக்கு முன்பா?”

“உங்கள் நேர்காணலுக்கு முன்பு. ஏற்கெனவே இங்கே தற்காலிகமாக இருக்கும் ஒருவருக்கு. குறைந்தது மூன்று பேரைப் பார்க்க வேண்டும் என்று விதி. நீங்கள் மூன்றாவது.”

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. நான் ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தது இல்லாத வேலைக்காக.

வழக்கமாக ஆங்கிலத்தில் எதைச் சொல்வதாக இருந்தாலும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அன்று ஓட்டிப் பார்க்கவில்லை. “அன்று என் மகளுக்கு உடம்பு சுட்டது. அவளை விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததும் உங்கள் லைமத் வேலைதான்,” என்றார்.

கையிலிருந்த சாக்ஸைக் கூடையில் போட்டேன். அவரே தொடர்ந்தார். “ஒன்று சொல்லட்டுமா? லைமத்தை நீங்கள் ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். அவர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது.”

“அவர் இல்லவே இல்லையே.”

“அது வேறு விஷயம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த இருபது நிமிடம் இருவரும் மனுவா, தேநீரா என்று சண்டை போட்டோம். போனில் சூடு ஏறிக் காது எரிந்தது. இந்த ஊருக்கு வந்த நான்கு வருடத்தில் பால், டயப்பர், விசா, மழை தவிர வேறொன்றைப் பற்றி நான் இருபது நிமிடம் பேசியது அன்றுதான்.

கடைசியில் ஜோன், “ஆகஸ்டில் இன்னொரு இடம் வருகிறது. விண்ணப்பியுங்கள்,” என்றார்.

“அது நிஜமான இடமா?”

“நிஜமானது. இதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் கொடுக்க மாட்டேன்.”

“வேண்டாம்,” என்றேன். “கொடுக்காதீர்கள்.”

அன்றே விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். இறுதியில் ‘ரெஃபரன்ஸ்’ என்று மூன்று பேரைக் கேட்டது. என்னை அறிந்தவர்கள், அவர்கள் போன் எண், கூப்பிட்டுக் கேட்டால் என்னைப் பற்றிச் சொல்லக் கூடியவர்கள். மலர் பெயரை எழுதினேன். டேகேரின் இயக்குநர் பெயரை எழுதினேன். மூன்றாவதாக, எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியை நடத்தும் ஷீலா ஆன்ட்டி. நான் இரண்டு வருடமாக அவருக்குக் கீழேதான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

கேட்காமல் போடுவது மரியாதை இல்லை என்று ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

“தாராளமா என் பேரப் போடும்மா,” என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “கூப்பிட்டாங்கன்னா உன்னப் பத்தி நல்லதா சொல்லணுமா, உள்ளதச் சொல்லணுமா?”

“உள்ளதச் சொல்லுங்க ஆன்ட்டி,” என்றேன்.

“அப்படியா,” என்றார் ஆன்ட்டி. “அப்போ யோசிக்க ரெண்டு நாள் குடு.”